கேஸ்ட்ரோபப்: பெரியப்பாவின் கேள்விக்கு ஒரு பதில்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் பஸ்ஸில் பெரியப்பாவுக்கு ஜன்னல் சீட். சிக்னலில் வண்டி நின்றபோது, புதிதாக எழும்பிய ஒரு கட்டடத்தின் நெற்றியில் இருந்த பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்: கேஸ்ட்ரோபப்.

"ஏம்பா, கேஸ்ட்ரிக் வந்தவங்களுக்குன்னு தனிக் கடையே போட்டுட்டாங்களா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும், "சரி, அப்ப என்னாதான் அது?" என்றார் பெரியப்பா. "சாப்பாடும் கிடைக்கிற பப்பு" என்றேன். "பாருன்னா திங்க ஏதாச்சும் இருக்கத்தானே செய்யும்?" "இது கொஞ்சம் நல்ல சாப்பாடு." "அப்ப ஓட்டல்னு சொல்லிட்டுப் போயேன்." சூளகிரி தாண்டும்வரை இப்படியே போனது. பெங்களூரில் ஏழு வருடம் வேலை பார்த்தவன், அந்தச் சொல்லை நூறு தடவையாவது சொல்லியிருப்பவன், எனக்கே அதற்கு அர்த்தம் தெரியாது என்பது அந்த பஸ்ஸில்தான் உறைத்தது.

எனக்கு மட்டும் இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் சத்தமாகப் பாட்டுப் போடும் இடத்தைக் கேஸ்ட்ரோபப் என்பார். இன்னொருவர் பீரை அங்கேயே காய்ச்சும் இடத்தை. மூன்றாமவருக்கு பில் மூவாயிரத்தைத் தாண்டினால் அது கேஸ்ட்ரோபப். மூன்றுமே தவறு. பெரியப்பாவின் ஊகம்தான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போனது. கிரேக்க மொழியில் 'காஸ்டர்' என்றால் வயிறு. டாக்டர் சொல்லும் கேஸ்ட்ரிக்கும், நல்ல சாப்பாட்டைப் பற்றிய கலையைக் குறிக்கும் கேஸ்ட்ரானமியும் ஒரே வயிற்றில் பிறந்தவை. அந்த வயிற்றோடு 'பப்' சேர்ந்தது. சரி, பப் என்றால் என்ன?

முதலில் ஒரு டீக்கடை

உங்கள் தெருமுனை டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குப் பாய்லர் சூடாகிவிடும். எலெக்ட்ரீஷியன், நிலத் தரகர், ஓய்வுபெற்ற வாத்தியார், மாங்காய் லோடு ஏற்றப் போகிறவர் என்று தினமும் அதே ஆட்கள். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு ஸ்ட்ராங் என்று மாஸ்டர் கேட்பதில்லை. ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேப்பர் படித்தாலும் எழுந்து போகச் சொல்ல மாட்டார். யாருக்கு எங்கே பெண் பார்க்கிறார்கள், எந்த ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் முதலில் தெரியும். அங்கே விற்பது டீ. ஆனால் ஜனங்கள் வருவது டீக்காக மட்டும் இல்லை.

இங்கிலாந்தில் இந்த வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருவது பப். 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று கதவு திறந்திருக்கும் வீடு. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், தன் முகம் தெரிந்த பப்பை ஒருவர் 'என் லோக்கல்' என்பார். நம்மூரில் ஒரு பொருளை லோக்கல் என்றால் மட்டம் என்று அர்த்தம். அங்கே அது உரிமை கொண்டாடும் சொல்.

டீக்குப் பதில் அங்கே பீர். இந்த இடத்தில் நம் மனதில் தானாக ஒரு படம் வரும்: தகரக் கூரை, மங்கலான விளக்கு, பிளாஸ்டிக் டம்ளர், யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு நுழையும் ஆள். அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் மடித்து வையுங்கள். அங்கே பப்புக்குப் போகிறவன் ஒளிந்து போவதில்லை. அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு கால்பந்து பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் பழைய பப்பில் சாப்பாடு பரிதாபம். உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட், பன்றித் தோல் வறுவல், ஜாடியில் வினிகருக்குள் ஊறும் அவித்த முட்டை. கொஞ்சம் நல்ல இடமென்றால் ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைத்த ஒரு தட்டு. அதற்குப் பெயர் 'உழவன் மதியச் சாப்பாடு'. பெயரைக் கேட்டால் ஏதோ முப்பாட்டன் காலத்து வழக்கம்போல இருக்கும். உண்மையில் 1950களிலும் 60களிலும் சீஸ் விற்பனையைக் கூட்டுவதற்காகப் பால், சீஸ் வியாபார அமைப்புகள் விளம்பரம் செய்து பரப்பிய பெயர் அது. விளம்பரக்காரர்களுக்கு உழவன் மேல் எல்லா நாட்டிலும் பாசம் உண்டு போல.

பிறகு ஒரு மெஸ்

இன்னொரு பக்கம், நம்மூர் மெஸ். ஒரு வீட்டின் முன்பகுதி, நான்கு மேஜை, ஒரே அடுப்படி. மெனு கார்டு கிடையாது. "இன்னிக்கு என்னாக்கா?" என்று கேட்க வேண்டும். அன்றைக்குச் சந்தையில் எது வந்ததோ அதுதான் குழம்பு. அவரைக்காய் காலத்தில் அவரை, மொச்சைக் காலத்தில் மொச்சை. ஞாயிற்றுக்கிழமை ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். இரண்டரைக்குப் பானை காலி, அதற்கு மேல் போனால், "நாளைக்கு வாப்பா." சமைக்கிறவர் முகம் உங்களுக்குத் தெரியும், உங்கள் முகம் அவருக்குத் தெரியும். உப்பு கூடிப்போனால் மறுநாள் சொல்லிவிடலாம். அவரும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இதுவரை இரண்டு விஷயங்கள் கையில் இருக்கின்றன. பப் என்பது பீர் விற்கும் டீக்கடை. அதன் பலம் பெஞ்ச், பலவீனம் சாப்பாடு. மெஸ்ஸின் பலம் அடுப்பு. டீக்கடையின் பெஞ்சை நகர்த்தாமல், பின்னால் ஒரு மெஸ் அடுப்பை ஏற்றினால் கிடைப்பதுதான் கேஸ்ட்ரோபப்.

இவ்வளவு எளிதென்றால் நூறு வருடத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டாமா? ஏன் நடக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மண்டியில் கட்டிய கயிறு

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இது புரியச் சிரமமே இருக்காது. விதைக்கும் மருந்துக்கும் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கினால், அறுவடையை அந்த மண்டிக்குத்தான் போட வேண்டும். பக்கத்து மண்டியில் கூடுதல் விலை போனாலும் வேடிக்கைதான் பார்க்கலாம். நிலம் உன்னுடையது, உழைப்பு உன்னுடையது, ஆனால் கயிறு அவர் கையில்.

இங்கிலாந்தின் பப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருந்தது. கட்டடம் பீர் ஆலைக்குச் சொந்தம். கடை நடத்துகிறவர் அதை வாடகைக்கு எடுப்பார். அந்த ஆலையின் பீரைத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. இதற்கு 'டைடு ஹவுஸ்', அதாவது கட்டுண்ட கடை என்று பெயர். ஆலைக்கு வேண்டியது பீப்பாய் காலியாவது. பீப்பாய் எப்படியும் காலியாகிறது, ஏனென்றால் அந்தத் தெருவில் இருப்பது அந்தப் பப்தான். அப்புறம் சமையல்காரனுக்குச் சம்பளம் எதற்கு? ஜாடி முட்டை போதும்.

நம் ஊர் டாஸ்மாக் பாரை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் சில்லறை மது விற்பனை முழுக்க அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம். கடையை ஒட்டிய பாரை டெண்டரில் எடுக்கிறவருக்குக் கிடைக்கும் உரிமை இரண்டு: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் சேகரிப்பது. கவனியுங்கள், சரக்கு அவருடையது இல்லை. நியாயமாகப் பார்த்தால் சைடு டிஷ்தான் அவர் வியாபாரமே. அப்படியானால் தமிழ்நாட்டிலேயே சிறந்த சமையல் அந்த பார்களில்தானே நடக்க வேண்டும்? நடக்கிறதா? சுண்டல், ஆம்லெட், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், எந்த எண்ணெயில் எத்தனையாவது முறை பொரித்ததோ தெரியாத ஒரு சில்லி. காரணம் சமையல்காரரின் கை இல்லை. பாட்டிலை வாங்கியவன் அங்கேதான் உட்கார்ந்தாக வேண்டும். வேறு போக்கிடம் இல்லாதவனுக்கு யாரும் மெனக்கெட்டுச் சமைப்பதில்லை.

மதுவோடு இருப்பதால் பாரில் சாப்பாடு கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். கெடுத்தது மது இல்லை, கயிறு.

கயிறு அறுந்த வருடங்கள்

1988-ல் ஒரு சட்டம் மாறியது. அதுவரை இங்கிலாந்தின் பப்புகள் மதியத்துக்குப் பின் சில மணி நேரம் கதவைச் சாத்தியாக வேண்டும். புதிய சட்டம் நாள் முழுக்கத் திறந்திருக்க அனுமதித்தது. மதியம் மூன்று மணிக்கு வந்து உட்காருகிறவன் எத்தனை பீர் குடிப்பான்? அவனுக்குச் சாப்பாடு வேண்டும்.

அடுத்த வருடம் அதைவிடப் பெரிய அடி. ஆறு பெரிய ஆலைகளின் பிடியில் பீர் வியாபாரம் இறுகிப்போய்விட்டது என்று ஏகபோகங்களை விசாரிக்கும் ஆணையம் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் 1989-ல் அரசு பிறப்பித்த ஆணைகளுக்கு 'பீர் ஆர்டர்ஸ்' என்று பெயர். 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, அந்த எண்ணிக்கைக்கு மேலே இருப்பதில் பாதியை விற்க வேண்டும், அல்லது கட்டை அவிழ்த்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பப்புகள் கைமாறக் காத்திருந்தன. அதே நேரத்தில் அங்கே பொருளாதார மந்தம். லண்டனில் ஓட்டல் போட ஆசைப்பட்டுப் பணம் இல்லாமல் நின்ற சமையல்காரர்களுக்கு, ஓட்டலைவிட மிகக் குறைந்த செலவில் கையில் எடுக்கக்கூடிய ஓர் இடம் முதல் தடவையாகக் கண்ணில் பட்டது.

1991-ல் டேவிட் ஐயர், மைக் பெல்பன் என்ற இருவர் லண்டன் ஃபாரிங்டன் சாலையில் 'தி ஈகிள்' என்ற பழைய பப்பை எடுத்தார்கள். (ஐயர் என்றதும் கும்பகோணத்தை நினைக்க வேண்டாம், அது ஓர் ஆங்கிலப் பெயர்.) சமையலறை கட்ட இடமும் இல்லை, காசும் இல்லை. அதனால் பீர் ஊற்றும் கவுண்டரின் ஒரு பகுதியிலேயே அடுப்பை வைத்தார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் சமையல். ஒன்றோடு ஒன்று பொருந்தாத மேஜை நாற்காலி. மேஜை விரிப்பு கிடையாது, ரிசர்வேஷன் கிடையாது. அன்றைக்கு என்ன என்பது கரும்பலகையில் சாக்பீஸால். வேண்டியதைக் கவுண்டரில் சொல்லி, அங்கேயே காசு கொடுக்க வேண்டும். பக்கத்தில் அப்போது கார்டியன் நாளிதழ் அலுவலகம் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் சாப்பிட வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் தினமும் சாப்பிடும் இடத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரியாமல் போகுமா? 1990களின் நடுவில் இந்த மாதிரி இடங்களுக்கு 'கேஸ்ட்ரோபப்' என்ற பெயரும் அச்சில் வந்துவிட்டது.

இன்று அலங்காரமாகக் காப்பியடிக்கப்படும் ஒவ்வொன்றும் அன்று கையில் காசில்லாததால் வந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். கரும்பலகை, பழைய நாற்காலி, திறந்த அடுப்பு எல்லாம் அப்படித்தான். இப்போது அதே பழைய நாற்காலித் தோற்றத்தைப் புதிதாகச் செய்து தரவே தனி தச்சர்கள் இருக்கிறார்கள்.

சுருக்கமாக: பப்பைக் கட்டியிருந்த கயிறு சட்டத்தால் தளர்ந்தது. மலிவாகக் கிடைத்த இடத்தில் சமையல் தெரிந்தவர்கள் நுழைந்தார்கள். பெஞ்ச் அப்படியே இருந்தது, அடுப்பு வந்து சேர்ந்தது.

அடுப்பின் கணக்கு

இந்த ஏற்பாடு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். களியும் கோழிக்குழம்பும் ஒரு தட்டு 150 ரூபாய். அதில் அரிசி, ராகி, கோழி, எண்ணெய், மசாலா என்று பொருளுக்கு மட்டும் 50 ரூபாய் போகிறது. விற்பனை விலையில் பொருளுக்குப் போகும் இந்தப் பங்கை ஓட்டல்காரர்கள் 'ஃபுட் காஸ்ட்' என்பார்கள். அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது தொழிலில் பொதுவான கட்டுப்பாடு. மீதி நூறும் லாபமில்லை. வாடகை, சம்பளம், கேஸ், கரண்ட், வீணாய்ப்போனது எல்லாம் அதிலிருந்துதான்.

சாதாரண ஓட்டலில் வாடகை முழுவதையும் தட்டுதான் சுமக்கிறது. பப்பில் பாதிச் சுமையைக் கிளாஸ் சுமந்துவிடும். பானம் சாயங்காலத்துக்குள் கெட்டுப்போவதில்லை. அதை நறுக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். ஊற்றிக் கொடுக்க ஓர் ஆள் போதும். அதனால் அதே தரமான தட்டைக் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுத்தும் தாக்குப்பிடிக்க முடியும். பதிலுக்குத் தட்டு என்ன செய்கிறது? குடிக்காதவனையும் உள்ளே கொண்டுவருகிறது. மனைவியை, அம்மாவை, பிள்ளையைக் கூட்டி வருகிறது. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தபோது, சிகரெட்டும் பீருமாக உட்கார்ந்திருந்த கூட்டம் குறைய, அடுப்பு வைத்திருந்த பப்புகளுக்கு அது கைகொடுத்தது.

கரும்பலகைக்கும் இதே கணக்கில் ஒரு வேலை உண்டு. நூற்றிருபது ஐட்டம் அச்சடித்த மெனு கார்டு வைத்திருந்தால், நூற்றிருபதுக்கும் சரக்கு ஃப்ரிட்ஜில் இருந்தாக வேண்டும். கேட்கப்படாத எண்பது அழுகும், அல்லது நான்காம் நாள் மசாலாவுக்குள் ஒளிந்துகொள்ளும். கரும்பலகையில் எட்டு மட்டும் இருந்தால், காலையில் சந்தையில் எது மலிவோ அதை எழுதலாம், தீர்ந்ததும் அழிக்கலாம். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த அன்று தக்காளித் தொக்கு. மே, ஜூனில் கிருஷ்ணகிரி முழுக்கத் தோத்தாபுரி குவியும்போது மாங்காய் போட்ட மீன்குழம்பு. சமையல்காரரின் கற்பனை வளம் என்று நாம் வியப்பதில் பாதி, சந்தை விலைப்பட்டியல்தான்.

ஆனால் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது 'லோக்கல்' என்ற அந்தச் சொல். தேசிய நெடுஞ்சாலை 44-இல் சாப்பிட நிறுத்தும் கார்க்காரர் அந்த ஓட்டலுக்கு மறுபடி எப்போது வருவார்? ஒருவேளை வரவே மாட்டார். அதனால் அங்கே பலகை பெரிதாக இருந்தால் போதும், குழம்பு எப்படியும் இருக்கலாம். தெருமுனை இடத்துக்கு வருகிறவர் வாரம் மூன்று நாள் வருகிறவர். அவரை ஒரு தடவைதான் ஏமாற்றலாம். தினமும் ஒரே குழம்பு ஊற்றினாலும் சலித்துவிடுவார், விலையை ஏற்றினாலும் முகம் சுளிப்பார். மெனு மாறுவது, விலை அடக்கமாக இருப்பது, பேச்சில் மரியாதை இருப்பது எல்லாம் அந்த ஆள் திரும்பி வரவேண்டுமே என்ற பயத்தில் வருவது. ஒகேனக்கல்லில் கூடைக்காரம்மாவிடம் மீன் வாங்கி, கண்ணெதிரே சமைத்துச் சாப்பிடும்போதும், கே.ஆர்.பி. அணை பக்கம் வறுத்த மீன் சாப்பிடும்போதும் அடுப்பு தெரிகிறது, ருசியும் இருக்கிறது. ஆனால் அங்கே நாம் விருந்தாளிகள். கேஸ்ட்ரோபப்பின் மேஜையில் உட்காருகிறவன் அக்கம்பக்கத்துக்காரன்.

எதையெல்லாம் இந்தப் பெயரில் சொல்கிறோம்

இதை வேகமாக முடித்துவிடலாம். பீரை அங்கேயே காய்ச்சி விற்கும் இடம் 'ப்ரூபப்'. பெங்களூரில் பெரிய செப்புப் பானைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுவார்களே, அதுதான். 2010-ல் இந்திரா நகரில் தொடங்கிய டாய்ட் அந்த வகை. அங்கே சாப்பாடு நன்றாகவும் இருக்கலாம், ஆனால் பெயர் வந்தது பானையால். மெத்தை சோபாவும் மங்கல் விளக்குமாக இருப்பது லவுஞ்ச். ஆடும் இடம் கிளப். விரிப்பு போட்ட மேஜை, கோட் போட்ட சர்வர் என்றால் அது ஓட்டல்தான், ஓரத்தில் பார் இருந்தாலும்.

பெயர் குழம்பியது நம்மூரில் மட்டும் இல்லை. ஈகிளைப் பார்த்து ஆயிரம் பேர் பலகை மாட்டினார்கள். கவுண்டரில் சாய்ந்து நின்று ஒரே ஒரு பீர் குடித்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இடமில்லாமல் போனது. எல்லா மேஜையும் 'ரிசர்வ்டு'. பெயரைத் தாங்கிய பல இடங்களில் வெளியே வாங்கிய உறைநிலை உணவை ஓவனில் சூடாக்கித் தட்டில் வைத்தார்கள். 2011-ல் பிரிட்டனின் பழைய உணவு வழிகாட்டி நூலான 'குட் ஃபுட் கைட்', இந்தச் சொல்லையே இனிமேல் பயன்படுத்துவதில்லை என்று கைவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருடம் 2012-ல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதே சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பிறந்த வீட்டில் துரத்தியதைப் பக்கத்து ஊரில் கூப்பிட்டு மாலை போட்டார்கள்.

நமக்குப் பக்கத்து உறவு

ஆங்கிலேயரிடம் போகாமலே இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: கேரளத்துக் கள்ளுக்கடை. 'ஷாப்பு' என்றே சொல்வார்கள். கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்த கப்பையும் மீன்கறியும் வாத்துக் கறியும் பெயர் வாங்கிப் பெயர் வாங்கி, கள்ளைத் தொடாத குடும்பங்கள் சாப்பாட்டுக்காகவே காரில் வந்து இறங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. சட்டம் போட்டு யாரும் செய்யவில்லை, விளம்பரமும் இல்லை. கேஸ்ட்ரோபப் என்ற பெயர் தெரியாமலே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடங்கள் அவை.

தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. அதற்கும் முன்னால் போனால் நம் மண்ணுக்கு இன்னொரு கதை உண்டு. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் அமலானது சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அன்று அந்த மாவட்டத்துக்குள்தான். தருமபுரி 1965-லும் கிருஷ்ணகிரி 2004-லும்தான் தனி மாவட்டமாயின. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் அவர் கொண்டுவந்தது விற்பனை வரி. ஆக, மாகாணத்திலேயே கடை முதலில் மூடிய ஊர்க்காரர்கள் நாம். குடியைப் பற்றி இங்கே இயல்பாகப் பேச முடியாமல் இருப்பதற்கும், குடித்தால் ஒளிந்து குடிப்பதற்கும் இதில் பங்கு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குடியால் நடுத்தெருவுக்கு வந்த வீடுகளைப் பார்த்தவன் என்பதால் அந்தத் தயக்கத்தைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வராது.

அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம்

இப்போது பெரியப்பா கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளி வழியாக ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே தெருவுக்குத் தெரு இருக்கும் இந்த மாதிரி இடம் இங்கே ஏன் இல்லை?

ருசியோ பணமோ காரணம் இல்லை, உரிமம்தான். கர்நாடகத்தில் 'சி.எல்.9' என்று ஒரு வகை உரிமம் இருக்கிறது. சாப்பாட்டுக் கடையோடு சேர்ந்த பாருக்கு உரியது. தங்கும் அறை வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் டாஸ்மாக்கை விட்டால் இருப்பது முக்கியமாக இரண்டு வகை: உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்புக்கு எஃப்.எல்.2, தங்கும் அறைகள் கொண்ட ஓட்டலுக்கு எஃப்.எல்.3. நல்ல கைமணம் உள்ள ஒருவர், கையில் பத்து லட்சத்தை வைத்துக்கொண்டு, தருமபுரி நாலு ரோட்டிலோ கிருஷ்ணகிரி பழையபேட்டையிலோ நான்கு மேஜை போட்டு ஒரு சின்ன கேஸ்ட்ரோபப் தொடங்க நினைத்தால், அவருக்குப் பொருந்தும் வகை இதில் இல்லை. அறைகள் கட்ட வேண்டும். அறை கட்டக் கோடிகள் வேண்டும். கோடிகள் போட்டவர் தெருக்காரனுக்காகக் களி கிண்டிக்கொண்டிருக்க மாட்டார்.

இதைக் குறையாகவும் சொல்லலாம், காப்பாகவும் சொல்லலாம். இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: சமையல்காரர் தனியாக நுழைய வழி இருக்கும் இடத்தில்தான் கேஸ்ட்ரோபப் முளைக்கும். மாநில எல்லையில் இருக்கும் ஜூஜூவாடி சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் அந்த வழி இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை. நம் பக்கம் அந்தத் திறமை எல்லாம் மெஸ்ஸுக்கும் மிலிட்டரி ஓட்டலுக்கும் போய்விட்டது. அதனால்தானோ என்னவோ, இங்கே களியும் கறியும் இவ்வளவு நன்றாக இருக்கின்றன.

பலகைக்குள் போனேன்

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சனிக்கிழமை மாலை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மேலே மூன்று மாடி தங்கும் அறைகள். எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும். உள்ளே ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கரும்பலகை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெயின்ட்டில் எழுதியது, அழிக்க முடியாது. ஒரு லைம் சோடா குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டேன். வாரக் கடைசியில் ஒரு மேஜைக்குக் குறைந்தது இரண்டாயிரம் ரூபாய் பில் வர வேண்டும் என்றார்கள். சரி, சாப்பாட்டைப் பார்ப்போம் என்று மெனுவைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறை போட்ட பதினாறு பக்கப் புத்தகம் வந்தது. பாஸ்தா, கபாப், சூஷி, மெக்சிகன், கடைசிப் பக்கத்தில் மட்டன் சுக்கா.

"இன்னிக்கு ஸ்பெஷலா என்னப்பா?" என்று சர்வர் தம்பியிடம் கேட்டேன்.

"அப்படில்லாம் இல்லைங்க சார்," என்றார் பெருமையாக. "எங்ககிட்ட எல்லாமே எல்லா நாளும் கிடைக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரெண்டாயிரமா?" என்றார். பிறகு, "நாளைக்கு ஞாயித்துக்கெழம. அக்கா மெஸ்ஸுல களி ரெண்டரைக்குத் தீந்துரும். ஒரு மணிக்கே வந்துரு."